பையனுக்குத்தான்

என் வேலை காது சோதிப்பது. ஆஸ்பத்திரியில், தடித்த சுவர் வைத்த ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிடுவேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காமலே அழுத்துகிறவர்கள் தினமும் இரண்டு பேராவது வருவார்கள். காது மந்தம் என்று ஒத்துக்கொள்ள வெட்கம். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

எது சத்தம், எது பிரமை என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே நான் கேட்டதாகச் சொன்னால், கேட்டேன் என்றுதான் அர்த்தம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் வீட்டுக்காரரும் கேட்டார். அவர் இதை எழுதவே வேண்டாம் என்றார்.

பயத்தைவிட இதில் எனக்கு வெட்கம்தான் அதிகம். பேய்க்கதையில் வெட்கத்துக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். படித்துப் பாருங்கள்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி, தன் தங்கை ஓட்டும் பந்தயத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஊருக்கு வெளியே, பழைய கல்குவாரிக்குப் பக்கத்தில், மேடும் பள்ளமுமாக ஒரு மண் மைதானம். மோட்டோகிராஸ் என்றார்கள். ஹெட்லைட் கிடையாது. நம்பர் பிளேட் கிடையாது. ஒல்லியாக, உயரமாக, வெட்டுக்கிளி மாதிரி பைக்குகள். மேட்டில் ஏறி, ஒரு கணம் காற்றில் நின்று, அந்தப் பக்கம் இறங்கின. நாள் முழுக்க ஊசி விழும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறவள் நான். அந்த இரைச்சலுக்கு நடுவே நின்றபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு நான் எதையும் உற்றுக் கேட்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அவ்வளவு நிம்மதி.

அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

சொல்லிக்கொடுப்பவளை எல்லோரும் புழுதி என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் மீசை முளைத்தும் முளைக்காத பிள்ளைகள். அவர்களுக்கு நான் ஆன்ட்டி. ஆன்ட்டி விழுந்தால் ஓடி வந்து தூக்குவார்கள். தூக்கிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். வாடகை பைக் எனக்கு உயரம். இரண்டு காலும் சேர்ந்தாற்போல் தரையில் படாது. ஓட்டும்போது விழுந்தால்கூட ஒரு மரியாதை. நான் நின்ற இடத்திலேயே, இன்ஜின்கூட ஓடாமல், வெட்டின வாழை மாதிரி சாய்ந்திருக்கிறேன்.

"அக்கா, உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கிடுங்க," என்றாள் புழுதி. "பழசு போதும். சின்ன இன்ஜின். சீட் தாழ்வா இருக்கணும். பெருசைப் பாத்து மயங்கிடாதீங்க."

எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் சொல்லிக்கொடுத்தாள். முன் சக்கரத்துக்கு மேலே ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா? செயின் மாட்டும் பல்சக்கரத்தின் பல் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா? பின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாத்துக்கும் முன்னாடி இன்ஜின் மேல கையை வைங்க. ஜில்லுன்னு இருக்கணும். சூடா இருந்தா, நீங்க வர்றதுக்குள்ள ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஏதோ மறைக்கிறாங்க. ஒரு வார்த்தை பேசாம திரும்பி வந்துடுங்க."

இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் குழந்தை இல்லை. பல வருஷம் டாக்டர் டாக்டராக அலைந்தோம். ஒரு நாள் அவர்தான், "போதும்மா, உன் உடம்பைப் பாரு," என்றார். அன்றோடு அந்தப் பேச்சை மூடி வைத்துவிட்டோம். அவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடியுமுன் போய், மத்தியானம் வந்து தூங்குவார். எனக்கு இந்த மண் பைக் பைத்தியம் பிடித்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். வெளியே கேலி செய்வார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் விளம்பரத்தில் பார்த்த விலாசத்துக்குப் போனேன். பிடித்திருந்தால் கையோடு ஏற்றிக்கொண்டு வரலாம் என்று ஒரு சின்ன லோடு வேனும் பேசியிருந்தேன். புழுதி வந்தால் அங்கேயே ஓட்டிப் பார்க்கச் சொல்வாள், தெருவே பார்க்க விழுவேன் என்று அவளைக் கூப்பிடவில்லை.

அது நெருக்கமான தெரு. விற்கிறவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டிய ஆள். கால்சட்டையின் இரண்டு முட்டியிலும் சிமெண்ட் வெள்ளை. எதிர் வாசலில் நாலு பேர் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பைக் பாக்க வந்தேங்க."

"யாருக்குங்க? பையனுக்கா?"

சத்தமாகத்தான் கேட்டார். கார் கழுவிக்கொண்டிருந்த ஒருவன் தண்ணீரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். என் நரையை, இடுப்புச் சதையை, தோளில் தொங்கிய ஆஸ்பத்திரிப் பையை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். 'எனக்குத்தான்' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

"ஆமா," என்றேன். "பையனுக்குத்தான்."

டைல்ஸ்காரரின் தோள் இரண்டும் இறங்கின. தலைச்சுமையை யாரோ கை கொடுத்து இறக்கிவிட்ட மாதிரி. எதற்கு இவ்வளவு நிம்மதி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் காது மடல் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

"உள்ள வாங்க, வாங்க. பையன் வரலையா?"

"வேலை இருக்கு அவனுக்கு."

"என்ன உயரம் இருப்பான்?"

"என்னைவிட ஒரு சாண் கூட."

"சரியா இருக்கும்," என்று தலையாட்டினார். எது சரியாக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. படுதாவை இழுத்தார். நீலம் வெளுத்த ஒரு சின்ன பைக். சீட்டின் பஞ்சை யாரோ அறுத்துத் தாழ்த்தியிருந்தார்கள். எனக்கென்றே செய்தது போல இருந்தது. ஆசை அடித்துக்கொண்டது. எண்ணெய்க் கசிவு இல்லை. பல் தேயவில்லை. குனிந்து இன்ஜினில் உள்ளங்கையை வைத்தேன்.

வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

சூடு.

"இப்ப ஓட்டினீங்களா?"

"தொட்டே ரெண்டு மாசம் ஆச்சுங்க," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

டயர் கட்டைகளுக்கு நடுவே சேறு இருந்தது. விரலால் தொட்டேன். ஈரம். ஒரு மாதமாக எங்கேயும் மழை இல்லை.

அப்படியே திரும்பி வந்திருக்க வேண்டும். புழுதி அவ்வளவு சொல்லியிருந்தாள். ஆனால் கார் கழுவியவர்களில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்கக் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டார்கள். சூட்டைப் பற்றி நான் இன்னொரு கேள்வி கேட்டால், 'நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்பார் அந்த மனுஷர். அது கிக்கரை மிதித்துக் கிளப்பும் வண்டி. சாவியே கிடையாது. பத்து தரம் மிதித்தால் ஒரு தரம்தான் எனக்குக் கிளம்பும். மிதிக்கிற வேகத்தில் நானும் வண்டியும் சேர்ந்து சாய்வோம்.

நினைத்தபடியே கேட்டார். "ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறீங்களா?"

"வேண்டாங்க. பையன் பாத்துப்பான்."

இரண்டாவது தரம் சொல்லும்போது பொய் தானாகவே வழுக்கிக்கொண்டு வந்தது.

"பையன் பேரு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாம், வேண்டாம். பேரெல்லாம் எதுக்கு. விடுங்க."

வேடிக்கை பார்க்க வந்த அந்த இரண்டு பேரும்தான் வண்டியை வேனில் ஏற்றினார்கள். டைல்ஸ்காரர் கை கொடுக்கவில்லை. கடைசியில் மட்டும் கிட்டே வந்து, சீட்டுக்கு மேலே, காற்றில், ஒருத்தர் முதுகைத் தட்டிக்கொடுப்பது போல இரண்டு தரம் தட்டினார்.

"போயிட்டு வாப்பா," என்றார்.

வண்டியோடு பேசுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேன் கிளம்பிக் கால் மணி நேரம் இருக்கும். நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் அடிக்கடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, உங்க பையனை முன்னாடி வந்து உட்காரச் சொல்லுங்க. இடம் இருக்கில்ல?"

"யாரை?"

"பையனைத்தான். வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே வர்றான். திருப்பத்துல தூக்கி வீசிடும்."

நான் திரும்பிப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாலு பக்கமும் கயிறு கட்டிய பைக். அவ்வளவுதான். வேறு யாரும் இல்லை.

"யாருமே இல்லையே..."

டிரைவர் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டிக் கண்ணாடியை மேலே, கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.

வீடு வந்தது. பைக்கை இறக்கியதும் பாதித் தெருவுக்கு ஓட்டிப்போய் நிறுத்தி, தலையை நீட்டி ஒன்று மட்டும் சொன்னார்.

"அக்கா... அவன் இறங்கிட்டான்."

குடித்துவிட்டு ஓட்டுகிறாரோ என்று நினைத்தேன். அப்படி நினைப்பதுதான் சௌகரியமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தோடு வந்து பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இந்தக் குதிரை மேல நீ ஏறப் போறியா? முதல்ல ஒரு ஸ்டூல் வாங்கணுமே," என்றார். சிரித்தேன். வீட்டை ஒட்டி, ஷட்டர் போட்ட ஒரு ஷெட் இருந்தது. அதில் நிறுத்தினோம். அங்கே நான் என்ன சொல்லி வாங்கினேன் என்று அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மற்ற எந்தப் பொய்யையும் அவரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். இதை மட்டும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் புழுதி அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். அருமையான வண்டி என்றாள். ஒரே ஒரு குறை.

"பிரேக், கிளட்ச் லிவரெல்லாம் ரொம்பக் கீழ பாத்துக்கிட்டு இருக்கே அக்கா. நல்ல உயரமா ஒரு ஆள், எழுந்து நின்னே ஓட்டுற ஆள், தனக்குன்னு வெச்சிருக்கான்."

ஸ்பேனரை எடுத்து என் கைக்குத் தக்கபடி மேலே தூக்கி முடுக்கிக் கொடுத்தாள். அன்று நான் மூன்று தரம்தான் விழுந்தேன். எனக்கு அது பெரிய விஷயம்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஷெட்டைத் திறந்து பார்த்தேன். லிவர் இரண்டும் மறுபடி கீழே இறங்கியிருந்தன.

சரியாக முடுக்கவில்லை போலிருக்கிறது என்று நானே தூக்கி முடுக்கினேன். கை வலிக்கும் அளவுக்கு முடுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி இறங்கியிருந்தன. ஷெட்டின் சிமெண்ட் தரையில், சுவரிலிருந்து சுவர் வரைக்கும், ஈரச் சேற்றில் ஒரு டயர் தடம். மூடிய ஷட்டருக்கு உள்ளேயே ஆரம்பித்து, உள்ளேயே முடிந்திருந்தது. இன்ஜினைத் தொட்டேன்...

சூடு.

"நீங்க ஏதாவது ஷெட்டைத் திறந்தீங்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"இல்லையே," என்றார். சட்டென்று சொன்னார். ரொம்பச் சட்டென்று. பொய்யாகப் பொத்தானை அழுத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். ஆனால் அவர் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

வியாழக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு ஒரு லாரி டிரைவர் காது சோதிக்க வந்தார். பெரிய ஆள், நல்ல காது. நான் சத்தம் அனுப்பும்போதெல்லாம் சரியாக அழுத்தினார். நடுவே ஒரு முறை, நான் எதுவும் அனுப்பாதபோது, அழுத்தினார். பிறகு இன்னொரு முறை. கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. ஏதோ நிஜமாகவே கேட்டுக்கொண்டிருக்கிற முகம். தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி...

முடிந்ததும் வெளியே வந்தார்.

"நடுவுல ஏன் மேடம் பேச்சு வருது? அதுக்கும் அழுத்தணுமா?"

"பேச்சா? நான் பேச்சு எதுவும் போடலையே."

"ஒரு பையன் பேசினானே. வலது பக்கம்."



"என்ன பேசினான்?"

"'அம்மா எப்ப வருவாங்க'ன்னு கேட்டான். அப்புறம், 'அப்பா ரொட்டி குடுத்தாரு'ன்னான்."

நான் பாதி நாள் லீவு போட்டேன். காரணம் என்ன எழுதினேன் என்றுகூட நினைவில்லை.

வீட்டுக்கு வரும்போது மூன்றரை மணி. நல்ல வெயில். பக்கத்து வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். இருட்டோ மழையோ ஒன்றும் இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பட்டப்பகலில் இப்படியெல்லாம் நடக்குமா என்று பின்னால் பலர் என்னைக் கேட்டார்கள்.

எங்கள் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே என் வீட்டுக்காரரின் குரல்.

"குனிஞ்சு வா. ஷட்டர் தலையில இடிக்கும்."

நின்றுவிட்டேன்.

"ரெண்டு துண்டு போதுமா? நல்லா சாப்பிடுற வயசுடா இது."

குனிந்து உள்ளே போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். பைக்குக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு தட்டு. தட்டில் அவர் காலையில் போட்ட ரொட்டி. பக்கத்தில் இரண்டு டம்ளர் டீ.

"என்னங்க... யார்கிட்ட பேசறீங்க?"

திரும்பினார். புருவத்தில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. திருடும்போது அகப்பட்டுக்கொண்டவர் மாதிரி இருந்தது அந்த முகம். ஆனால் அதற்குள் ஒரு சந்தோஷம். அவர் முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று...

"ஏன்மா என்கிட்ட சொல்லலை?" என்றார் மெதுவாக.

"என்னத்தை?"

"இவனைக் கூட்டிட்டு வந்ததை."

வாளிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. சுவர். பழைய பெயிண்ட் டப்பா.

"சனிக்கிழமையிலேர்ந்து வர்றான்," என்றார். "நான் தூங்கி எழுந்துக்கிற நேரத்துல. மொதல்ல பயந்துட்டேன், மறைக்கலை. ஆனா ரொம்ப மரியாதையான பையன். உட்காருன்னு சொன்னாத்தான் உட்கார்றான். யாருப்பா நீன்னு கேட்டேன். அம்மாதான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்கன்னான். அவங்களே சொன்னாங்க, நான் அவங்க பையன்னு... அப்படின்னான்."

அவர் குரல் உடைந்தது.

தட்டைப் பார்த்தேன். ஒரு ரொட்டித் துண்டு பாதி கடித்திருந்தது. பல் பதிந்த இடம் இன்னும் ஈரமாக...

 பயமும் இருந்தது. அதற்கு மேல் வெட்கம். நடுத்தெருவில் துணி உருவப்பட்டது போல வெட்கம். கார் கழுவுகிறவன் ஒருத்தன் சிரித்துவிடுவான் என்று வாயில் வந்ததைச் சொல்லி, நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷம் மூடி வைத்திருந்த கதவைத் திறந்து, யாரையோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவரும் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"அப்படி யாரும் இல்லைங்க," என்றேன். "நான் பொய் சொன்னேன். எனக்குத்தான் பைக்குன்னு சொல்ல வெட்கமா இருந்தது. கேட்டாங்க... பையனுக்குத்தான்னு சொல்லிட்டேன். சும்மா சொன்னேன். நமக்குப் பையன் இல்லைங்க. பொய்ங்க. எல்லாம் பொய்."

அவர் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷம் அணைந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஷெட்டில் சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டுத் துணி படபடக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

அப்புறம்...

டக்.

பைக்கின் கிக்கர் வெளியே மடிந்தது.

மெல்லக் கீழே இறங்கியது. யாரோ காலை வைத்து, எடையை வைத்து, அழுத்துவது போல.

யாரும் இல்லை.

மேலே வந்தது. மறுபடி இறங்கியது.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. இரண்டாவது மிதியிலேயே. எனக்கு ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை.

அந்தச் சின்ன ஷெட்டுக்குள் அந்த இரைச்சல்...

வாளி அதிர்ந்தது. டம்ளர் கவிழ்ந்தது. டீ என் காலடி வரைக்கும் ஓடி வந்தது.

சீட் அமுங்கியது.

பிறகு எழும்பியது. இறங்கிவிட்டான்.

இன்ஜின் நின்றது.

என் வலது தோளுக்குப் பின்னால் ஒரு சூடு. வெயிலில் ஓடி வந்த உடம்பின் சூடு. மண் வாடை.

காது மடலில் மூச்சு பட்டது.

"பொய்யாம்மா?"

அவ்வளவுதான் கேட்டது. உடைந்து அப்போதுதான் கனத்திருக்கிற விடலைக் குரல். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் ஓடியிருப்பேன். யார் வீட்டுக்கோ தப்பாக வந்து, உட்கார்ந்து சாப்பிட்டும்விட்டு, பிறகு தெரிந்துகொண்ட ஒருத்தனின் குரல் அது. அவன் வெட்கப்பட்டான்.

நான் திரும்பவில்லை. பதிலும் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது.

தோளுக்குப் பின்னால் இருந்த சூடு விலகியது. பாதி திறந்த ஷட்டர் ஒரு தரம் அசைந்தது. இந்தத் தடவை அவன் குனிந்து போக மறந்துவிட்டான் போல. தகரத்தில் தலை இடிக்கிற சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர் வெளியே ஓடிப்போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வந்து, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாயடியில் அதை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. இப்போதுதான் இரைந்து நின்ற இன்ஜின். குளிர்காலத்துக் கல் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. லிவர்கள் நான் வைத்த இடத்திலேயே நிற்கின்றன. சேறு இல்லை. சத்தம் இல்லை. என் வீட்டுக்காரர் பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், நான் சொல்லாமலே, பிளாஸ்க்கில் டீயோடு மைதானத்துக்கு வந்து வேலி ஓரமாக உட்கார்ந்தார். அவர் பார்க்கும்போதே விழுந்தேன். அந்தப் பிள்ளைகளும் பார்த்தார்கள். எழுந்து மிதித்தேன், விழுந்தேன், மறுபடி மிதித்தேன். "யாரோட பைக் ஆன்ட்டி?" என்று புதிதாக வந்த ஒருவன் கேட்டான். "என்னோடதுதான்," என்றேன். மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். வேலி ஓரத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வரும் வழியில், "கூச்சப்படாமக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்மா," என்று மட்டும் சொன்னார். அதோடு சரி.

பைக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விற்கத் தைரியம் இல்லை.

அந்த டைல்ஸ்காரரை மறுபடி போய்ப் பார்த்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சண்டை போடத்தான் போனேன். செத்துப்போன தன் மகனின் பைக்கை ஒரு வார்த்தை சொல்லாமல் என் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்திருந்தேன். கேட்டைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"திருப்பி எடுத்துக்க மாட்டேங்க," என்றார் முதல் வார்த்தையாக.

"எடுத்துக்க வேண்டாம். உங்க பையனுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்கு ரெண்டும் பொண்ணுங்க. கட்டிக் குடுத்தாச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, எதிர் வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாப்பத்தெட்டு வயசுல எனக்கும் இந்தக் கிறுக்கு பிடிச்சுதுங்க. வாங்கப் போன இடத்துல, பையனுக்கான்னு கேட்டாரு. முட்டி தேஞ்ச ஆளு, எனக்குத்தான்னு சொன்னா சிரிப்பாங்களேன்னு... ஆமான்னுட்டேன். சீட்டை நான்தான் அறுத்தேன். கால் எட்டலை."

"அப்புறம் என்கிட்ட அதையே கேட்டீங்க."

"வந்த எல்லார்கிட்டயும் கேட்டேங்க. எனக்குத்தான்னு சொன்னவங்களுக்குக் குடுக்கலை. அவங்களோட போக மாட்டான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எப்படி இருக்கான்?"

"போயிட்டான். பொய் சொன்னேன்னு அவன்கிட்டயே சொல்லிட்டேன்."

அவர் கேட்டின் துருவை நகத்தால் சுரண்டினார்.

"மூணு வருஷம் என்னை அப்பான்னு கூப்பிட்டான். எனக்கு அதைச் சொல்ல வாய் வரலைங்க," என்றார்.

நான் கோபப்பட வந்தவள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றோம்.

"அப்ப உங்களுக்கு வித்தாரே, அவரோட பையனா இருக்கும்," என்றேன்.

"நானும் அப்படித்தாங்க நினைச்சேன். துக்கம் விசாரிக்கலாம்னு அவரைத் தேடிக்கிட்டு அவ்வளவு தூரம் போனேன்."

"என்ன சொன்னாரு?"

டைல்ஸ்காரர் கேட்டை மெதுவாக மூடிக்கொண்டே சொன்னார்.

"அவருக்குக் கல்யாணமே ஆகலைங்க."